காந்தம் வைக்காத கார்

கார் பார்க்கப் போகும்போதெல்லாம் அருமைராசாவுக்குத் தங்கை யோகராணி வேண்டும். பழைய கார் விற்கிறவர்கள் ஊருக்கு வெளியே லாவாலிலும் அதற்கு அப்பாலும் இருந்தார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவனுக்குப் பிரெஞ்சு வராது. அவளோ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாய் திறவாமல் இருந்துவிட்டு, படிப்பை விட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போனவள். வாய் திறக்காவிட்டாலும் காதில் விழுந்தது எல்லாம் அப்படியே இருந்தது.

அண்ணனுக்கு வேண்டியது ஒரு நோவா. எழுபதுகளில் ஓடிய இரண்டு கதவுக் கார், எட்டு சிலிண்டர், காலை வைத்தால் உறுமவேண்டும். அதைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, தன் கையால் ஓட வைக்கவேண்டும். அதற்காகவே சென்ட் லோரன்டில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான்.

"எஞ்சின் இறக்கேக்கை நீதான் எனக்குக் கை, பிள்ளை," என்று சொல்லியிருந்தான்.

யோகராணி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோட்-டெ-நெய்ஜ் வீட்டில் சமையல், தொழிற்சாலையில் தையல், இடையில் பஸ். இவ்வளவில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. காருக்கு அடியில் ரோர்ச் லைற்றோடு மல்லாந்து கிடக்கும்போது மட்டும், "என்னடி தெரியுது?" என்று அண்ணன் மேலிருந்து கேட்பான். அவள் சொல்வதை நம்பி வாங்காமல் திரும்புவான்.

அவனோடு வேலை செய்யும் ரெஜான் சொல்லிக் கொடுத்தது இதுதான்: எஞ்சின் செத்த காரை வாங்கலாம், உடம்பு உக்கின காரை வாங்காதே. இந்த ஊரில் பனிக்கு ரோட்டில் கொட்டுகிற உப்பு இரும்பைத் தின்றுவிடும். அதை மறைக்கப் பட்டி பூசி, மேலே பெயின்ற் அடித்து மினுக்குவார்கள். அதனால் யோகராணி தொழிற்சாலையில் ஊசி பொறுக்குகிற காந்தத்தைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுபோவாள். சில்லுக்கு மேல் வளைவு, கதவின் கீழ் விளிம்பு என்று வைத்துப் பார்ப்பாள். காந்தம் பிடிக்காமல் நழுவினால் அங்கே இரும்பு இல்லை. பிறகு கார்ப்பெற்றைத் தூக்கி அடித்தட்டை அமத்திப் பார்ப்பார்கள். டிக்கியில் மேலதிகச் சில்லைக் கழற்றிப் பார்ப்பார்கள். அடியில் இரும்புக் கறளை மறைக்கப் புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

கார் விற்க நின்ற ஒரு கிழவன் எரிச்சல்பட்டு என்னவோ சொன்னான்.

"என்னவாம்?" என்றான் அண்ணன்.

"கார் வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பார்க்க வந்தனீங்களோ எண்டு கேக்கிறான்."

இரண்டு பேரும் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார்கள். அந்தக் கோடை அப்படிப் போயிற்று.

இலை உதிரத் தொடங்கியபோது கோயிலில் சண்முகலிங்கம் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். அவர் கர்க்லாண்டில் வீடு வாங்கியவர், மரியாதையான மனிதர்.

"உமக்குத் தேவையான சாமான் என்ரை கராஜுக்கை நிக்குது, தம்பி. ஞாயிற்றுக்கிழமை வாரும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாரும்."

தங்கச்சி எதற்கு என்று அண்ணனுக்கு விளங்கியது. சண்முகலிங்கத்தின் அக்கா மகன் கெங்காதரன் அந்த வீட்டில்தான் இருந்தான். மார்கழிக்கு முதல் அவனுக்குச் சம்பந்தம் முடிக்கவேண்டுமாம்.

போன உடனேயே ஆண்கள் கராஜுக்குப் போனார்கள். சண்முகலிங்கத்தின் மனைவி சிவநேசம் யோகராணியைக் குசினிக்குக் கூட்டிப் போனாள்.

"பிள்ளை, இந்தப் பட்டன் கழண்டு போச்சு. எனக்குக் கண் தெரியேல்லை. ஊசியைக் கோத்துத் தைச்சு விடுறியே?"

யோகராணி தைத்துக் கொடுத்தாள். சிவநேசம் நிலவறையிலிருந்து ஒரு அரிசிப் பையை எடுத்துவரச் சொன்னாள். யோகராணி படியேறி வரும்போது அவளுடைய கால்களைப் பார்த்தாள். பின்னலைக் கையில் எடுத்து, "சொந்த மயிர்தானே?" என்று சிரித்தாள். சுவரில் இருந்த கலண்டரை வாசிக்கச் சொன்னாள்.

"சரி பிள்ளை, ஆம்பிளையளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடு."

கராஜ் கதவைத் திறந்ததுமே மணம் மூக்கில் ஏறியது. தார். நோவா சிவப்பாக, கண்ணாடி மாதிரி நின்றது. அண்ணன் பக்கத்தில் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். குனியவில்லை. காந்தம் அவளுடைய கைப்பைக்குள் கிடந்தது.

கோப்பை எடுக்க அவன் கிட்டே வந்தபோது மெல்லச் சொன்னாள். "அண்ணை, அடியிலை புதுத் தார். மணக்கேல்லையே?"

"பேசாமல் போ."

"ஒருக்கா காந்தத்தை வைச்சுப் பார்ப்பம்."

"விசரே உனக்கு? சம்பந்தம் செய்யிற வீட்டிலை காந்தம் வைக்கிறதே? மனுசன் என்ன நினைக்கும்?"

"அன்ரி மட்டும் என்னை ஊசி கோக்க வைச்சுப் பாத்தவ."

"அது வேறை," என்றான் அண்ணன்.

அன்றே பேசி முடித்துக் காரை எடுத்தார்கள். சிவநேசம் சில்லுகளுக்குக் கீழ் தேசிக்காய் வைத்தாள். நாலும் நசுங்கின.

சென்ட் லோரன்ட் கராஜில் அண்ணன் காரை ஜாக்கில் தூக்கினான். யோகராணி வளைவில் காந்தத்தை வைத்தாள். அது வழுகிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. கதவுக்குக் கீழே வைத்தாள். அங்கேயும் விழுந்தது. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் அடித்தட்டில் தட்டினான். 'தொப்' என்று அது உள்ளே போயிற்று. தாரைச் சுரண்டச் சுரண்டக் கறள் தூளாகக் கொட்டியது. சாரதி கால் வைக்கிற இடத்தில் தட்டே இல்லை. ஒரு தகரத்தை விரித்து ரிவெட் ஆணி அடித்திருந்தார்கள்.

"முந்தி வைச்சிருந்த வெள்ளைக்காரன் செய்த வேலை," என்றான்.

அவள் தகரத்தைத் துணியால் துடைத்தாள். 'நல்லெண்ணெய்' என்று தமிழ் எழுத்துத் தெரிந்தது.

"வெள்ளைக்காரன் நல்லெண்ணெய் வாங்கினவனோ, அண்ணை?"

அவன் ரோர்ச் லைற்றை அணைத்தான். "இதை ஆரிட்டையும் கதைக்காதை. வாற கிழமை பெடியன் உன்னைப் பாக்க வாறான். உன்ரை காரியம் முடியட்டும்."

"இந்த வீட்டுக்கோ என்னை அனுப்பப் போறாய்?"

"கார் வேறை, கலியாணம் வேறை."

அடுத்த ஞாயிறு கெங்காதரன் மாமாவோடும் மாமியோடும் வந்து சோபாவின் நுனியில் இருந்தான். நல்ல முகம். நகக்கண்ணில் தார்க் கறுப்பு இன்னும் போகவில்லை. யோகராணி தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். கார் பேரத்தைத் தவிர, அந்நியர் முன்னால் அவள் வாய் திறந்ததைக் கண்டவர்கள் இல்லை.

"காருக்கு அடியிலை தகரம் அடிச்சது நீங்களோ?"

"ராணி!" என்றான் அண்ணன்.

கெங்காதரன் மாமாவைப் பார்த்தான். பிறகு கோப்பையைப் பார்த்தான். "மாமா செய்யச் சொன்னவர். அவரின்ரை வீட்டிலை இருந்துகொண்டு நான் மாட்டனெண்டு சொல்லேலுமே?"

"என்னைப் பற்றி அவர் ஏதும் செய்யச் சொன்னாலும் அப்பிடித்தானே சொல்லுவீங்கள்," என்றாள் அவள். "எனக்கு விருப்பமில்லை."

சிவநேசம் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். "பள்ளிக்கூடம் முடிக்காததுக்கு வாயைப் பாருங்கோவன்."

சண்முகலிங்கம் காரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அண்ணன் அவளோடு கதைக்கவில்லை. தன்னை ஏமாற்றியவர்கள் மேல் கோபிக்கவில்லை. கோயிலில் சண்முகலிங்கத்தைக் கண்டால் இன்னும் தலை ஆட்டினான். சனங்கள் கேட்டால், "தங்கச்சியாலை வந்த வினை," என்றான்.

ரெஜான் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டான். திருத்த அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. முதல் பனி விழுந்த கிழமை பழைய இரும்புக்காரன் லொறியோடு வந்தான். அவனுக்குப் பிரெஞ்சு மட்டும்தான். அண்ணன் கராஜ் வாசலில் நின்று, யோகராணியின் முகத்தைப் பார்க்காமல், "வந்து கதைக்கச் சொல்லு," என்று சுவருக்குச் சொன்னான்.

இரும்புக்காரன் குனிந்து அடியைப் பார்த்தான். தகரத்தை விரலால் தட்டினான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு ஏதோ கேட்டான்.

"என்னவாம்?"

பல நாளைக்குப் பிறகு அண்ணன் அவளிடம் நேரே கேட்ட கேள்வி அது.

"வாங்கமுதல் ஒருத்தரும் குனிஞ்சு பாக்கேல்லையோ எண்டு கேக்கிறான்."

அண்ணன் லொறியின் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தனாங்கள் எண்டு சொல்லு."

அவள் இரும்புக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். இல்லையென்று தலையாட்டி, "நோன்," என்றாள்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சங்கிலியை மாட்டினான். சிவப்புக் கார் முன்பக்கம் தூக்கி, தூள் கொட்டிக்கொண்டு போனது. அண்ணன் கராஜ் கதவை இழுத்துப் பூட்டித் திறப்பைப் பையில் போட்டான். அவளுக்காக நிற்காமல் பஸ்ஸுக்கு நடந்தான்.