குழாய்க்குக் காவல்

வீரம்மாவுக்கு யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிவிட்டு, பஸ் பிடித்துப் புருஷன் உடையப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தால், இங்கே நர்ஸ் மிஸ்ஸியிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

உடையப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. கழுத்தெலும்புக்குக் கீழே சொருகிய குழாய் வழியாகத்தான் மெஷினில் ரத்தம் சுத்தமாகும். வலப்பக்கம் வைத்த முதல் குழாய், ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. இப்போது இடப்பக்கம். கையில் ஆபரேஷன் செய்த நரம்பு பருத்து ஊசி தாங்கும்வரை இதுதான் கதி. ஒவ்வொரு முறையும் ரத்தம் உறையாமலிருக்க மருந்தைக் குழாய்க்குள் நிரப்பி, மூடி, பிளாஸ்டர் ஒட்டி அனுப்புவார்கள். வீட்டில் அதில் தண்ணீர் படாமல் உடம்பு துடைத்துவிடுவது வீரம்மாதான்.

அன்று பிளாஸ்டரைப் பிரித்ததும் மிஸ்ஸி இருதயமேரியின் முகம் மாறியது. குழாய் நுழையும் இடம் சிவந்து, சீழ் கோத்திருந்தது.

"என்னாக்கா இது? தண்ணி பட்டுச்சா? கை கழுவுறீங்களா இல்லையா?"

கழுவாமலா! சோப்புப் போட்டுப் போட்டு அவள் விரலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஊசி போட்டு, காய்ச்சல் கண்டால் உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் விடியலில் கண் விழித்தவள் திடுக்கிட்டாள். உடையப்பன் கட்டிலில் உட்கார்ந்து, பிளாஸ்டரின் ஓரத்தைத் தூக்கி, குழாயைச் சுற்றிக் காய்ந்திருந்த பொருக்கை நகத்தால் நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா காரியம் பண்றீங்க!"

"சத்தம் போடாத புள்ள. காஞ்சது அடைச்சிக்கிட்டா இதுவும் போயிரும்லா. ஒட்டுப்பால எடுக்காம மரம் சீவ முடியுமா?"

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர்கள் இருவரும். முதல் நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். முதல் குழாய் அடைத்ததிலிருந்து மனுஷன் பயந்துபோய், தினமும் விடியலில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார். பிழைக்கத்தானே உரித்தார், பாவி மனுஷன்.

மத்தியானமே அவருக்குக் குளிர் கண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, குழாயை எடுத்துவிட்டுத் தொடையில் வேறு வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"பிளாஸ்டர்ல யாரு கை வச்சது?" என்றாள் இருதயமேரி.

"நான்தான் மிஸ்ஸி." வீரம்மாவுக்கு வசவு பழகிவிட்டது. இந்த நிலையில் அவர் திட்டு வாங்க வேண்டாம்.

"அப்போ இனிமே நீங்க கிட்டயே போகாதீங்க. வேற ஆள் பாக்கட்டும்."

வேறு ஆளுக்கு அவள் எங்கே போவாள்?

நடுக்கத்தோடு கிடந்த உடையப்பன் வலக்கையை மிஸ்ஸியிடம் நீட்டினார்.

"அவ இல்ல மிஸ்ஸி. இந்தக் கைதான். கட்டிலோட சேத்துக் கட்டிப் போடுங்க. அவள மட்டும் போகச் சொல்லாதீங்க."