மஞ்சள் நகல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது என்று சொன்னால் அது பொய். என் கையெழுத்தில் ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது, அதை யாரிடமும் காட்ட முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கதை எழுத இதைவிடக் கேவலமான காரணம் இருக்கலாம். எனக்குத் தெரிந்து இல்லை.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"தொடர்புகள்தான் தொழிலை வளர்க்கும் என்று நம்பிய ஓர் அச்சகக்காரர் இருந்தார்." (நீதிக்கதை வாடை. அடித்துவிட்டேன்.)

"வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு முப்பத்திரண்டு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள்." (பரவாயில்லை. ஆனால் அதில் நான் எங்கே ஒளிந்திருக்கிறேன்?)

"அந்த அச்சகக்காரன் நான்தான்." (சரி, இதுவே இருக்கட்டும்.)

2

எங்கள் வியாபாரிகள் குழு ஓர் ஓட்டல் மாடியில் வாரம் ஒருமுறை கூடும். ஒரு தொழிலுக்கு ஒரே ஓர் ஆள். இரண்டாவது அச்சகக்காரர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவோம். ஒவ்வொருவரும் எழுந்து அறுபது நொடி தன் தொழிலைப் பற்றிப் பேசவேண்டும். அதற்குமேல் போனால் மணி அடிக்கும்.

பிறகு பரிந்துரைச் சீட்டு. தெரிந்தவர் யாருக்காவது ஏதாவது தேவை என்றால் அவர் விவரம், போன் எண் எல்லாம் எழுதி, அந்தத் தொழில் செய்யும் உறுப்பினரிடம் கொடுக்கவேண்டும். வெள்ளைத் தாள் அவருக்கு. கார்பன் வைத்து எடுத்த மஞ்சள் நகல் செயலாளருக்கு. செயலாளர் நான். சீட்டுப் புத்தகத்தை அச்சடித்துக் கொடுப்பவன் நான் என்பதால் அந்தப் பதவியும் என் தலையில் விழுந்தது.

சீட்டில்லாமல் வந்தவர் எழுந்து, "இந்த வாரம் நான் யாருக்கும் உதவவில்லை" என்று சொல்லவேண்டும். விளையாட்டுக்குத்தான், எல்லோரும் சிரிப்பார்கள். ஒருமுறை நின்று பாருங்கள், தெரியும்.

3

என் பக்கத்து நாற்காலி டைல்ஸ் கடைக்காரருடையது. முதல் நாள் தன் அறுபது நொடியில், "தரை லெவலா இருந்தா வீட்டுல பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்ல" என்றார். அன்றிலிருந்து அவர் 'லெவல்' அண்ணன். இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தோம். கூட்டம் முடிந்ததும் படிக்கட்டடியில் டீ குடிப்போம்.

ஒரு வியாழன் கூட்டத்துக்கு முன்பே டீக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க அண்ணிக்கு ரிப்போர்ட் வந்துடுச்சு. மூணு மாசம்தான் தாங்கும்ங்கிறாங்க."

"அண்ணே..."

"அவகிட்ட சொல்லல. ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். இங்க ஆடிட்டருக்கும் டிராவல்ஸ்காரருக்கும் தெரியும். இப்ப உங்களுக்கு. வேற யாருக்கும் தெரியாது."

[முதல் பிரதியில் இந்த இடத்தில் நான் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நிஜத்தில் பிடிக்கவில்லை. கையில் டீ கிளாஸ் இருந்தது.]

மாடிக்குப் போனோம். அன்று என்னிடம் சீட்டு இல்லை.

4

இங்கேதான் இந்த அச்சகக்காரன் என்ற பாத்திரம் எனக்குப் பிடிபட மாட்டேனென்கிறது. வில்லனாக எழுதினால் எனக்கு வசதி. ஆனால் வில்லனுக்கு ஒரு திட்டமாவது இருக்கும். இவனுக்கு இருந்தது எழுந்து நிற்கக் கூச்சம், அவ்வளவுதான். அண்ணனுக்கு உதவியாக இருக்கும் என்றும் நினைத்தான். இரண்டுமே உண்மை. எது முதலில் வந்தது என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கூச்சம்தான் முதலில் வந்தது.)

எதிர் வரிசையில் நோயாளிக் கட்டில் வாடகைக்கு விடுபவர். எழுதினேன்: "டைல்ஸ் கடை. மனைவிக்கு மூன்று மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டில் தேவைப்படும்." அண்ணனின் விசிட்டிங் கார்டை எடுத்து முதலில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். "இங்க வச்சுக் கேக்காதீங்க, போன்ல பேசுங்க" என்று கட்டில்காரர் காதில் வேறு சொன்னேன். அதை நாசூக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அது கடை எண்.*

எனக்குக் கைதட்டினார்கள்.

* கடை போனை எடுப்பது அண்ணிதான் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக, "இருங்க தம்பி, கூப்பிடறேன்" என்று சொன்ன குரல். இதைக் கதைக்குள் எழுதத் தைரியம் இல்லாமல்தான் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன்.

5

அடுத்த வியாழன் படிக்கட்டடியில் அண்ணன் சொன்னார்.

"கடைக்குள்ள நுழையறேன். 'கட்டில் வாடகைக்கு வருதாம், மூணு மாசத்துக்குன்னா சலுகையாம். யாருக்குங்க?'ன்னு கேக்கறா. என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிட்டா தம்பி."

டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"கட்டில்காரரக் கேட்டா சீட்டு தொலஞ்சு போச்சு, யாரு குடுத்தாங்கன்னு ஞாபகம் இல்லங்கறார். விஷயம் தெரிஞ்சது மூணு பேருக்கு. உங்களக் கழிச்சா ரெண்டு பேர். நகல் உங்ககிட்ட இருக்குமே, பாத்துச் சொல்லுங்க."

உங்களக் கழிச்சா. இந்தச் சொல்லை நான் புனையவில்லை. இவ்வளவு நன்றாகப் புனைய எனக்கு வராது. நகலைத் தேடவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து ஆடிட்டரோடும் டிராவல்ஸ்காரரோடும் அவர் பேசுவதில்லை. இருபது வருடப் பழக்கம். என்ன தப்பு செய்தோம் என்று அவர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். நான் தலையைச் சொறிந்தேன்.

6

ஒரு மத்தியானம் அச்சகத்துக்குப் போன் வந்தது. அண்ணி.

"கட்டில்காரர் அன்னைக்கே உங்க பேரச் சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரர் கேட்டா மறந்துபோச்சுன்னு சொல்லச் சொன்னதே நான்தான்."

"அண்ணி, நான் வேணும்னு..."

"மன்னிப்பெல்லாம் வேணாம். எனக்குக் கோபம்தான். அது போகாது. ஆனா அவர் வாரம் முழுக்க உங்களப் பத்தித்தான் பேசுவார். நான் போனப்புறம் அவர் கூட உக்காந்து டீ குடிக்க ஒரு ஆள் வேணும். சொல்லிடாதீங்க."

"சரிங்க அண்ணி."

"சீட்டு எழுதற மாதிரி பட்டுனு சரின்னு சொல்லாதீங்க தம்பி."

போனை வைத்துவிட்டார். அதன்பின் நாற்பது நாள்தான் இருந்தார்.

7

முடிவுகள்.

அ) அச்சகக்காரன் சொல்லிவிடுகிறான். அண்ணனுக்குப் பழைய நண்பர்கள் இரண்டு பேர் திரும்பக் கிடைக்கிறார்கள். அண்ணியின் பேச்சு காற்றோடு போகிறது.

ஆ) சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியும் டீயும் தொடர்கின்றன. குற்றமில்லாத இருவர் குற்றவாளிகளாகவே இருக்கிறார்கள்.

இ) மஞ்சள் தாளைக் கொளுத்துகிறான். (சினிமா. அடித்துவிட்டேன்.)

நேற்று வியாழன். அண்ணி போனபின் முதல்முறையாக அண்ணன் வந்தார். தன் அறுபது நொடியில் எழுந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. மணி அடிக்கும் பொறுப்பில் இருந்தவர் அடிக்காமல் விட்டார். படிக்கட்டடியில் கேட்டார்:

"நகல் கிடைச்சுதா தம்பி? சண்டை போட இல்ல. அந்த ரெண்டு பேருல யாருன்னு தெரிஞ்சா இன்னொருத்தர்கிட்டயாவது போய்ப் பேசலாம்ல? வீட்டுல பேச ஆளே இல்ல."

"அடுத்த வாரத்துக்குள்ள தேடிப் பாக்கறேண்ணே" என்றேன்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இந்தக் கதையை அச்சுக் கோத்துவிட்டேன், கடைசிப் பத்தி மட்டும் காலி. அண்ணன் கேட்கும்போது என்ன சொல்வது என்று நீங்கள் சொல்லுங்கள். அண்ணியிடம் கேட்க இனி எந்த எண்ணும் இல்லை.