ஒளிராத கண்கள்

நீல விளக்கு பழுதாகி இருபது நாள் ஆகியிருந்தது. இன்று சரியானதும் நுண்ணோக்கி முன் முதலில் உட்கார்ந்தவள் அவள்தான். மயக்கிவைத்த பழ ஈக்களைத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றின் கண்கூட ஒளிரவில்லை.

“பஞ்சண்ணே, புது பல்பு ஒழுங்கா எரியுதா?”

குப்பிகளுக்குப் பஞ்சு அடைப்பவருக்கு அதுவே பெயராகியிருந்தது. “என் சட்டையில ஒட்டின பஞ்சுகூட மின்னுதும்மா. உன் ஈதான் சோம்பேறி.”

அவள் சிரிக்கவில்லை. தகப்பன் ஈயிடமிருந்து மூன்று மரபணுக்கள் சேர்ந்தே வர வேண்டும்: கண்ணில் புற்றுநோயை வளர்ப்பது, வளரச் சொல்லும் சமிக்ஞையை அடைப்பது, நீல விளக்கில் பச்சையாக ஒளிர்வது. கண்கள் வீங்காமல் இருந்ததைப் பார்த்து, சமிக்ஞை அடைபட்டது, புற்று நின்றது என்று போன வாரம் துள்ளியிருந்தாள். பேராசிரியர் அதை நம்பித்தான் அவளுக்கு இன்னும் ஓராண்டு உதவித்தொகை கேட்டுக் கடிதம் எழுதிவைத்திருந்தார். மதியம் அனுப்புவார்.

ஒளிரவில்லை என்றால் தகப்பன் வேறு. புற்று நிற்கவில்லை. வரவே இல்லை.

பெண் ஈக்கள் பிறந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். தவறினால் அதே பாட்டிலில் இருக்கும் சகோதரர்களோடு கூடிவிடும். அதன்பின் எந்த ஆணோடு விட்டாலும் பிள்ளைகளை நம்ப முடியாது. தாய் ஈக்களை எடுத்த அன்று, காலை ஒன்பதுக்குப் பழைய ஈக்களைக் கொட்டிப் பாட்டிலைக் காலி செய்தாள். அதன்பின் பிறந்த பெண்களை ஐந்துக்குள் பிரித்திருக்க வேண்டும். அக்கா போனில் மாமியார் புராணம் தொடங்கினாள், முடிந்தபோது ஏழு. ரெண்டு மணி நேரத்துல என்ன குடி முழுகிடப் போகுது என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது.

முழுகிவிட்டது. அக்கா மேல் கோபம் வந்தது. பிறகு அது திரும்பித் தன் மேலேயே விழுந்தது.

அவள் அறைக்குள் போனபோது பேராசிரியர் கடிதத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

“சார், அனுப்பாதீங்க. தாய் ஈ எல்லாம் முன்னாடியே கூடினது. என் தப்பு.”

அவர் பேனாவை மூடினார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கடிதத்தை இரண்டாக மடித்து இழுப்பறையில் போட்டார்.

“இது இல்லாம நான் எதச் சொல்லிக் கேக்குறது?” என்றார்.

திரும்பி வந்து, பாட்டிலிலிருந்த ஈக்களையெல்லாம் சோப்புத் தண்ணீரில் தட்டிக் கொட்டினாள். பாட்டில் மேல் மணி எழுதினாள்: பதினொன்று இருபது முதல் ஏழு இருபது வரை.

போன் அடித்தது. அக்கா.

“ஏழரைக்கு மேல பேசு,” என்று சொல்லி வைத்தாள்.