இடது பக்கம் விழாத கோல்கீப்பர்

கோல்கீப்பர் என்றால் எதற்கும் பயப்படாதவன் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆஸ்டினைக் கேட்டால் தெரியும். நாலு மாதமாக அவனுக்குத் தன் இடது முழங்காலைப் பார்க்கவே பயம்.

திருச்சி பாலக்கரைக்காரன், இருபத்திரண்டு வயது, சென்னை கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடுகிறவன். முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம். பயிற்சியில் யாரோ உதைத்ததாக நினைவு. பந்தாட்டக்காரர்களுக்கு வீக்கம் என்பது ஜலதோஷம் மாதிரி. ஐஸ் வைப்பார்கள், ஸ்ப்ரே அடிப்பார்கள், பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அவனும் அதையேதான் செய்தான். வீக்கம் போகிறதாக இல்லை. அடுத்த வாரம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து. இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் பிழைப்பே போய்விடும் என்று, வெயிலிலும் முழுக்கால் பேன்ட் போட்டுக்கொண்டு திரிந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், புற்றுநோய் வந்த பிள்ளைகளின் சிகிச்சைக்காக நிதி திரட்டும் விழா. கிளப் மூன்று பேரை அனுப்பியிருந்தது. பத்து ரூபாய் கொடுத்தால் ஆஸ்டினை எதிர்த்து ஒரு பெனால்டி அடிக்கலாம். அதற்கு முன்னால், அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கேத்தரின் மைக்கைப் பிடித்தார்.

"அடிபட்ட வீக்கம்னா ரெண்டு மூணு வாரத்துல வத்திடணும். வத்தாம, ராத்திரி தூக்கத்துலயும் வலிச்சா உடனே காட்டுங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா காட்டாம மட்டும் இருந்துடாதீங்க."

ஆஸ்டினுக்கு நேற்று வலியில் தூக்கமே இல்லை. 'அது எனக்கில்லை' என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினான்.

பிள்ளைகள் வரிசையாக வந்து உதைத்தார்கள். வலப்பக்கம் வந்ததையெல்லாம் பாய்ந்து பிடித்தான். இடப்பக்கம் போனதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டான். பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுக்கிறானாம், டீச்சர்கள் உருகிப்போய்க் கைதட்டினார்கள். பேர் என்னவோ நல்ல பேர்தான்.

கடைசியாக ஹம்ஸா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் தொடை எலும்பில் புற்றுநோய் வந்து, அந்த எலும்பை எடுத்துவிட்டு உலோகம் பொருத்தியிருந்தார்கள். சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தவள், பந்தை உதைக்காமல் நேரே அவனிடமே வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க இடது பக்கம் விழவே மாட்டேங்கறீங்க."

"உங்களுக்காகத்தாம்மா விடறேன்."

அவள் சிரிக்கவில்லை. "நானும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவேன். கோ-கோ ஆடறப்ப விழுந்துட்டேன், விழுந்துட்டேன்னு அஞ்சு மாசம் சொன்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி வலிக்குதா?"

பொய் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"வலிக்குது," என்றான். "ரொம்ப பயமா இருக்கு."

"எனக்கு இப்பவும் ஸ்கேனுக்குப் போறப்ப பயமாத்தான் இருக்கும். வாங்க, டாக்டர்கிட்ட நான் கூட வரேன்."

கையுறையைக் கழற்றிக் கம்பத்தடியில் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தான். கைதட்டல் நின்றுபோய், மைதானமே அவர்களைப் பார்த்தது. டாக்டர் கேத்தரின் பேன்ட்டைச் சுருட்டச் சொல்லி, பேண்டேஜைப் பிரித்து, வீக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எத்தனை நாளா இருக்கு?"

ஒரு வாரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பக்கத்தில் ஹம்ஸா நின்றுகொண்டிருந்தாள்.

"நாலு மாசம்," என்றான்.