துடக்கு

"செத்தவீட்டுத் துடக்கோட இஞ்ச வரலாமோ பிள்ளை? தம்பியின்ர முப்பத்தொண்டாம் நாள் காரியம் இன்னும் முடியேல்லையெல்லோ?"

நமசிவாயம் சந்தனக் கும்பாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் அவர் புதிதாகக் கட்டிய ஆறுமாடி வீட்டுக்கு அன்று காலை குடிபூரல். வாசலில் பாடசாலைச் சீருடையோடு நின்றாள் பக்கத்து வீட்டு ஆரணி. கையில் ஜாம் போத்தல்.

"துடக்கு உங்கட வீட்டிலதான் துடங்கினது அங்கிள்."

"என்ன போத்தல் அது?" என்று உள்ளிருந்து கேட்டாள் அவருடைய மனைவி கனகேஸ்வரி.

"குடம்பி, அன்ரி."

"நிறைகுடம் அப்பவே வச்சாச்சு பிள்ளை."

"குடமில்லை. குடம்பி. நுளம்புக் குடம்பி. உங்கட கீழ் கார்பார்க்குக்குள்ள அள்ளினது."

வந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். ஆரணி சிரிக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் தம்பி பிரசாந் செத்த நாலாம் நாளே அவள் டோர்ச்சோடு ஒழுங்கையில் இறங்கியிருந்தாள். பூச்சாடித் தட்டு, யோகட் கப், கூரைப் பீலி, பிரிட்ஜின் பின்பக்கம் என்று வீடுவீடாகக் கவிழ்த்துக் கொட்டினாள். முதலில் அவளுக்கு விசர் என்றவர்கள் பிறகு தங்கள் பிள்ளைகளையும் அவளோடு அனுப்பினார்கள். மூன்றாம் ஞாயிறு ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒழுங்கை முழுக்கக் காய்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், மழைவெள்ளம் முழங்காலளவு நின்ற இந்த நிலத்தடித் தரிப்பிடம் மட்டும் காயவில்லை. சுகாதாரப் பகுதிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். பரிசோதிக்க வந்தவர் இங்கே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எழுதும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சொல்தான் காதில் கேட்டது. பிரசாந்தின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நமசிவாயம் அவளுடைய அம்மாவுக்குச் சொன்ன சொல்: "என்ன செய்யிறது, எல்லாம் காலம்."

"அக்கா, உள்ளுக்கு ஒண்டு பறக்குது!"

கையில்லாச் சட்டை போட்ட நமசிவாயத்தின் பேத்தி ஓடிவந்து போத்தலில் மூக்கை ஒட்டினாள்.

"ஒண்டில்லை செல்லம். நிறைய."

போத்தல் வாயை மூடியிருந்தது பிரசாந்தின் நுளம்பு வலையில் வெட்டிய துண்டு. அதைப் பிடித்திருந்த ரப்பர் பட்டிக்கு அடியில் ஆரணி விரலைக் கொடுத்தாள்.

"கீழ தண்ணியை இறையுங்கோ அங்கிள்."

"நாளைக்கு ஆள் வரும்."

"இப்ப."

"ஐயர் வந்து நிக்கிறார். விசர்க் கதை கதைக்காத. பச்சைப் பிள்ளை நிக்குது, கடிச்சா?"

"கடிச்சா, காலமெண்டு சொல்லுங்கோ."

நமசிவாயம் பேத்தியை இழுத்துத் தன் பட்டுச் சால்வையால் போர்த்தினார். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கீழே நின்ற வேலையாட்களிடம் சிங்களத்தில் கத்தினார். மோட்டர் இருமி இருமிப் பிடித்தது. கறுத்த தண்ணீர் வாசல் கோலத்தை அழித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கியது.

"சரிதானே? இனி அதைக் கொண்டுபோ பிள்ளை." அவர் குரல் இறங்கியிருந்தது. "கொண்டு போம்மா."

ஆரணி விரலை எடுக்கவில்லை. சால்வைக்கு வெளியே பேத்தியின் முழங்கை ஒன்று தெரிந்துகொண்டிருந்தது.