அண்ணன் நம்பரில் ஓடியவன்

"ஏன் பிரீடா, நாங்க ஓடுறத நின்னு பாக்குறதுக்கா இவ்வளவு தூரம் கார்ல வந்தே?" என்று ஃபின்டன் ஒருமுறை அவளைக் கேட்டான்.

அப்போது யாருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு கடலோர ஊரில், இரண்டு ஜோடிகளும் சேர்ந்து ஒரே அறை எடுத்திருந்தார்கள். மறுநாள் காலை அரை மாரத்தான். ஃபின்டன் தரையில் உட்கார்ந்து கால் விரல்களுக்கு நடுவே வாஸலின் தடவிக்கொண்டிருந்தான்.

"இல்ல, சாப்பிட வந்தேன்" என்றாள் பிரீடா.

இத்தனை வருடம் கழித்து அது ஏன் நினைவுக்கு வந்ததென்று தெரியவில்லை. அவள் ஃபின்டனின் சமையலறையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஃபின்டன் முன்னறையில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தான். ஜன்னலோரம் இருந்த சோபாவை வெளியே தள்ளி அவனுக்கு இடம் செய்திருந்தார்கள். ஊர் முழுக்க வரிசையாக உள்ளே வந்து அவன் மனைவி கிளோடாவின் கையைக் குலுக்கி, "உங்க கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தம்" என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு வந்தது. வந்த எல்லோருக்கும் டீ கொடுக்க வேண்டும். பன்றி இறைச்சித் துண்டு வைத்த ரொட்டி கொடுக்க வேண்டும். தேவாலய மண்டபத்திலிருந்து இரவல் வாங்கி வந்த பெரிய கெட்டில் மூடி ஆட ஆடக் கொதித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நல்லா இருக்கான் பாரு, தூங்குற மாதிரி" என்றாள் பக்கத்து வீட்டு அசம்ப்டா, கோப்பைகளைக் கழுவியபடி. "உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல. எங்க வீட்டு ஃபியூஸ் பெட்டியைக் கழட்ட வந்தா தலை முழுக்க தூசிதான்."

"ம்."

"இனி எங்க வீட்டு ஃபியூசை யாரு பாப்பா?" அசம்ப்டா மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன் உனக்குத்தானே வந்துச்சு? உன் புருஷன்தான்னு சொன்னாங்களாமே! அப்புறம் அவர் இல்லன்னு தெரிஞ்சப்போ உனக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்கும், இல்ல?"

பிரீடா கத்தியை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முற்றத்தில் ஆண்கள் நின்று மழையைப் பற்றியும் சாலை வேலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரொட்டித் தட்டு அங்கே கை மாறிப் போயிற்று.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஓட்டத்துக்கென்று ஒரு வார இறுதி அவர்களுக்கு இருந்தது. பிரீடாவின் கணவன் மாலக்கியும் அவன் தம்பி ஃபின்டனும் ஏதாவது ஓர் ஊரில் ஓடுவார்கள். ஓரகத்திகளான பிரீடாவும் கிளோடாவும் கூடவே போவார்கள். வெள்ளிக்கிழமை மாலை வண்டி கிளம்பும்போதே கிளோடா பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்துவிடுவாள். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் இல்லை, சமையல் இல்லை, மாமியார் இல்லை. முதல் இரவு நால்வரும் மலைபோல் பாஸ்தா தின்பார்கள். ஓடப்போவது இரண்டு பேர்தான் என்பதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்து ஆண்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் இரண்டு பெண்களும் தெருவைக் கடந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவார்கள். முட்டை, சாசேஜ், வறுத்த தக்காளி, இரண்டு கெட்டில் டீ. உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் பற்றிப் பேசுவார்கள். ஓட்டம் முடியும் நேரம் பார்த்து வெளியே வந்து, கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக்கொண்டு, அதிகாலையிலிருந்து அங்கேயே நிற்பவர்கள்போலத் தடுப்பில் சாய்ந்து நிற்பார்கள்.

"ரொம்பக் குளிருச்சா?" என்று கேட்டான் ஃபின்டன், மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, மூச்சு வாங்க வந்து.

"உறைஞ்சே போயிட்டோம்" என்றாள் கிளோடா.

அவன் ஒரு விரலால் அவள் கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த முட்டை மஞ்சளை வழித்து, நாக்கில் வைத்துப் பார்த்தான். அடுத்த வருடம் ஓடப்போகும் முன், "எனக்கு ஒரு சாசேஜ் கட்டிட்டு வாங்கடி, திருட்டுப் பூனைங்களா" என்று மட்டும் சொன்னான். அதிலிருந்து வருடாவருடம் காகிதத் துண்டில் சுற்றிய சாசேஜ் ஒன்று எல்லைக்கோட்டில் அவனுக்காகக் காத்திருக்கும். தண்ணீர் குடிப்பதற்கு முன்பே அதைத் தின்பான். அன்று மாலை அண்ணனும் தம்பியும் தொடை வலியில் விடுதிப் படிகளில் பின்பக்கமாக இறங்கி வருவார்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கிழவா என்று திட்டிக்கொண்டு. அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஒருமுறை கிளோடாவுக்கு விக்கல் பிடித்துவிட்டது.

இந்த வருடம் ஃபின்டன் ஓடுவதாக இல்லை. கோடையில் அவனுக்கு நெஞ்சில் படபடப்பு வந்து, மருத்துவர் ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதுவரை ஓடக்கூடாது என்று கிளோடா சத்தியம் வாங்கியிருந்தாள். "நான் சும்மா நின்னு கை தட்டுறேன், உங்கள மாதிரி" என்றான். "சாசேஜ் மட்டும் நிறுத்திடாதீங்க."

பெண்கள் தூங்கிக்கொண்டிருந்த அதிகாலையில் மாலக்கிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கட்டிலிலிருந்து இறங்கும்போதே நொண்டினான். ஃபின்டன் அவனைப் பார்த்தான், மேசைமேல் ஊக்குகளோடு கிடந்த எண் அட்டையைப் பார்த்தான்.

"வீணாப் போகுதேடா. குடு. மெதுவாத்தான் ஓடுவேன்."

"கிளோடா என்னைக் கொன்னுடுவா."

"அவளுக்குத் தெரிஞ்சாத்தானே? நீ என் கோட்டைப் போட்டுக்கிட்டு துறைமுகத்துல உக்காரு. என் போன் அதுல இருக்கு, அவ கூப்பிட்டா எடுக்காதே."

மாலக்கி கொடுத்துவிட்டான். பெண்கள் எழுவதற்கு முன்பே இருவரும் கிளம்பிப் போயிருந்தார்கள்.

அந்த அட்டையின் பின்பக்கத்தில், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுத ஓர் இடம் உண்டு. ஃபின்டன் தன் அட்டைகளில் ஒருநாளும் ஒழுங்காக எழுதியதில்லை. ஒரு வருடம் 'மாட்டு வைத்தியரைக் கூப்பிடவும்' என்று எழுதினான். மாலக்கி அப்படியில்லை. மனைவியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதுகிறவன். அதனால்தான் கடையில் இரண்டாவது கெட்டில் டீ வந்த நேரத்தில் பிரீடாவின் போன் அடித்தது.

"மாலக்கியோட மனைவியா? அவர் விழுந்துட்டார். முதலுதவிக் கூடாரத்துக்கு உடனே வாங்க."

கூடாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாலத்தில் பிரீடாவுக்குக் கால்கள் நடக்க மறுத்தன. கிளோடாதான் அவள் இடுப்பில் கை கொடுத்து, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே போனாள். "ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல. பசங்களுக்கு நான் போன் பண்றேன், நீ மூச்சு விடு" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நடுவில் ஃபின்டனையும் கூப்பிட்டாள். அந்தப் போன் துறைமுகத்தில், மாலக்கி போட்டிருந்த கோட்டுப் பையில் அடித்து அடித்து ஓய்ந்தது.

கூடார வாசலில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண், "யாரு மனைவி?" என்று கேட்டாள்.

"இவதான். நான் கூட வரேன்" என்றாள் கிளோடா.

மருத்துவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு உள்ளே கூட்டிப்போனார். கட்டிலில் போர்வை கழுத்துவரை மூடியிருந்தது. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பிரீடா முதலில் பார்த்தது தலைமுடியை. நரைத்த, ஈரமான சுருட்டை முடி. மாலக்கியின் தலையில் முடி கொட்டிப் பல வருடமாயிற்று.

"கடவுளே, நன்றி" என்றாள் பிரீடா.

சத்தமாகத்தான் சொன்னாள். அது யாருடைய முடி என்று தெரிவதற்கு முன்பு சொன்னாளா, தெரிந்த பிறகு சொன்னாளா? அதை இன்றுவரை அவளால் தனக்கே சொல்ல முடியவில்லை. அவளைப் பிடித்திருந்த கை விலகியது. கிளோடா அவளைத் தாண்டிக் கட்டிலுக்குப் போனாள்.

சாசேஜ் இரண்டு நாள் பிரீடாவின் கோட்டுப் பையில் கிடந்தது. வீட்டில் பையைத் துழாவியபோது கையில் எண்ணெய் பட்டது. அதைக் குப்பையில் போடவும் முடியாமல், பின்கட்டுக்குப் போய்க் கையாலேயே மண்ணைத் தோண்டிப் புதைத்தாள். மாலக்கி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடாரத்துக்குப் பிறகு கிளோடா அவளோடு பேசவில்லை. கோபமாகவும் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். உடல் வீட்டுக்கு வந்த நாளில் பிரீடா கட்டிப்பிடிக்கப் போனபோது வேறு யாரோ நடுவில் வந்துவிட்டார்கள். அதன் பிறகு பிரீடா முன்னறைப் பக்கம் போகவேயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கிளோடாவின் குரல் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். அன்று தான் சொன்னதை அவள் கேட்டிருப்பாளா? கேட்டிருந்தால், அத்தனை வார இறுதிகளும் இனி எங்கே போகும்? ரொட்டி அடுக்கு முடிய முடிய அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாலக்கியின் விஷயம் நேற்றே முடிந்துவிட்டது. உள்ளே வராமல் காரிலேயே உட்கார்ந்திருந்தவனிடம் கிளோடா தானாகவே போய்க் கதவைத் திறந்தாள். "இறங்கு. நீ குடுக்கலேன்னாலும் வேலியைத் தாண்டிக் குதிச்சு ஓடியிருப்பான், அந்தக் கழுதை" என்றாள். "நாளைக்குப் பெட்டியை முன்பக்கம் நீதான் பிடிக்கணும்." மாலக்கி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். பிரீடா சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். திரும்பி வரும்போது கிளோடா அந்த ஜன்னலைக் கடந்துதான் போனாள். உள்ளே பார்க்கவில்லை.

காலை பதினொரு மணி ஆனதும் வீடு வெளியாட்களுக்கு மூடப்படும் என்று இரங்கல் அறிவிப்பில் போட்டிருந்தது. பெட்டியை மூடும்வரை குடும்பத்தார் மட்டும். அண்டை அயலார் ஒவ்வொருவராகக் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஓட்டக் குழுவைச் சேர்ந்தவர்கள் தங்கள் பச்சைச் சட்டைகளைக் கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, இறுதி மரியாதைக்காக வாசலிலிருந்து சாலைவரை இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கப் போனார்கள். மாலக்கி முன்னறைக்குப் போய்விட்டான்.

அசம்ப்டா கைத்துண்டை அடுப்புக் கம்பியில் தொங்கவிட்டாள். "நீ உள்ள போகலையா?"

"போறேன். நீங்க போங்க."

தனியாக ஆனதும் பிரீடா தனக்கென்று ஒரு டீ ஊற்றினாள். ஒரு வாய் குடித்தாள். முன்னறையில் ஜெபம் தொடங்குவது கேட்டது. கோப்பையை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து தன் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள்.

கிளோடா உள்ளே வந்தாள். கறுப்பு உடை, கையில் செருப்பு.

"எங்க கிளம்பிட்டே?"

"குடும்பத்து ஆளுங்க மட்டும்னு போட்டிருந்துச்சு."

"அப்ப நீ யாரு, பால்காரியா?"

பிரீடா கோட்டைக் கழற்றவும் இல்லை, போடவும் இல்லை. கிளோடா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கால் கட்டைவிரலைப் பிசைந்தாள்.

"இந்தச் செருப்பு பாழாப் போக. கடிக்குது."

"பஞ்சு வெக்கட்டுமா?"

"வேணாம்."

கெட்டில் அடங்கிப்போயிருந்தது. முன்னறையில் ஒரு குரல் முன்னே சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து முணுமுணுத்தார்கள்.

"கிளோடா. அன்னிக்குக் கூடாரத்துல, நான் ஒண்ணு..."

"கேட்டுச்சு."

"எனக்கு அவன்னு தெரியாது. இல்ல, தெரிஞ்சுதான்... எனக்கே தெரியல."

"விடு."

"எப்படி விடறது?"

கிளோடா விரலைப் பிசைவதை நிறுத்தினாள். தரையைப் பார்த்தபடியே பேசினாள். "பாலத்துல உன்னைத் தூக்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? எவ்வளவு நல்லாப் பேசிட்டு வந்தேன்! பசங்களுக்குச் சொல்றேன், நான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது. இவ்வளவு தைரியம் எனக்கு எங்கேருந்து வருதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

பிரீடா கெட்டிலின் மூடியைச் சரியாக வைத்தாள்.

"அப்புறந்தான் புரிஞ்சுது. என் ஆளு எங்கேயோ பத்திரமா நின்னு கை தட்டிக்கிட்டிருக்கான்னு நெனச்சேன், அதான்." அவள் ஒருமுறை மூச்சை இழுத்தாள். "நான் மனசுல வெச்சிருந்தேன், நீ வாயால சொன்னே. அவ்வளவுதான்டி. அதச் சொல்ல முடியாமதான் நானும் உன் பக்கம் வரல."

கதவருகே ஈமப் பணியாளர் வந்து நின்று மெல்ல இருமினார். "நேரமாச்சு அம்மா."

கிளோடா செருப்பைக் கீழே போட்டு ஒவ்வொரு காலாக நுழைத்தாள். எழுந்தாள். மேசைமேல் இருந்த பிரீடாவின் டீயை எடுத்து, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையைத் திரும்பப் பிரீடாவின் கையிலேயே கொடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, முன்னறைக்குப் போனாள்.