கதவை மணக்கப் போனவன்

1

அங்கே இருந்தவர்கள்: மனாசோன், கூரை ஓடு சுடுகிறவன், மனைவி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதால் சரியாகச் சாப்பிடாதவன். மிர்தோ, பக்கத்து வீட்டு விதவை, வாயை மூடிப் பழக்கமில்லாதவள். நிகரேதா, மேற்படி மனைவி, கொஞ்சம் பொறுத்து வருவாள். ஒரு காக்கை. வேகவைத்த ஆட்டுக்கறி, காக்கை வரும்வரை. இரவல் வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஹேரா தேவி இருந்தாளா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் எல்லாம் அவள் பெயரில்தான் நடந்தது. பிறகு நான்.

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. எங்கள் கிரேக்க ஊரான பிளாட்டியாவில் கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை இது: ஹேரா தன் புருஷன் ஜீயஸோடு சண்டை போட்டுக்கொண்டு யூபியாத் தீவுக்குப் போய்விட்டாள். யார் போய் அழைத்தும் வரவில்லை. ஜீயஸ் ஒரு மரக்கட்டைக்கு முக்காடு போட்டு மாட்டுவண்டியில் ஏற்றி, "இவளைக் கட்டிக்கப் போறேன்" என்று ஊரெல்லாம் சொல்லவைத்தான். ஹேரா பாய்ந்து வந்தாள், முக்காட்டைப் பிய்த்தாள், உள்ளே கட்டை. சிரித்தாள். சமாதானம். அதற்காகத்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை மரப்பெண்ணுக்குத் திருவிழா எடுக்கிறோம்.

சிரித்தாள், சமாதானம். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் யாரோ எதையோ விழுங்கியிருக்கிறார்கள். அதைத் தோண்டி எடுக்கத்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

கித்தேரோன் மலையில் பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில், மனாசோன் என்னும் இளம்—

(வேண்டாம். மலையில் ஆரம்பிக்கிறவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவன் இளைஞனும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்:

நிகரேதா வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம்—

(தெரியாது. அவன் அடித்தான் என்று எழுதிப் பார்த்தேன். அப்படியென்றால் நான் சிரிக்க மாட்டேன், உங்களையும் சிரிக்க விடமாட்டேன், காக்கையை விட்டு அவன் கண்ணைக் கொத்தவைப்பேன். அடித்துவிட்டேன், எழுத்தைத்தான். பருப்புக் கஞ்சியில் உப்பில்லை என்று சொன்னான் என்று எழுதினேன். மலிவாக இருந்தது. ஹேரா ஏன் கோபித்தாள் என்று எங்கள் ஊரிலும் யாரும் சொல்வதில்லை. கேட்டால் கறி எப்போது வேகும் என்று பேச்சை மாற்றுவார்கள்.)

மூன்றாம் தொடக்கம், இதுதான் நிற்கிறது:

நிகரேதாவின் அண்ணன் அவளைத் தீப்ஸ்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்துவிட்டான். விலாங்கு மீன் வியாபாரி. இன்று மதியம் கழுதையோடு வந்து அழைத்துப் போகிறான். அதற்குள் அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

3

"தீப்ஸ்காரனா!" மிர்தோ வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "டேய் மனாசோன், ஊர்ல வேற ஆம்பளையே கிடைக்கலையாமா? அவனுங்க நம்ம மதிலை இடிச்சவனுங்கடா!"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சும் ஓடு அடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"என்ன பண்ணச் சொல்றே?"

(இங்கே மிர்தோ நல்ல புத்தி சொல்லியிருக்கலாம். போய் அவளைக் கூப்பிடு என்று. சொல்லியிருந்தால் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். நான் அவள் வாயைப் பொத்தவில்லை. அவளுக்கே அது தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது.)

"ஜீயஸ் என்ன பண்ணாரு?" என்றாள் மிர்தோ.

மனாசோன் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆனது. அந்த மாதிரி முகங்களைக் கண்டால் எனக்குப் பயம்.

4

திருவிழாவில் மரம் பார்க்கிற முறை இதுதான்: கருவேல மரத்தோப்பில் வேகவைத்த கறியை வைக்க வேண்டும். காக்கை வந்து எடுக்கும். எடுத்துக்கொண்டு எந்த மரத்தில் உட்காருகிறதோ, அந்த மரத்தில்தான் பெண் செய்ய வேண்டும். நாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

காக்கை வந்தது. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தது. தோப்பிலிருந்த அத்தனை மரங்களையும் விட்டுவிட்டு ஊரைப் பார்த்துப் பறந்தது.

மனாசோன் ஓடினான். பின்னால் மிர்தோ, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் நான், இதை எப்படி எழுதுவது என்று யோசித்தபடி. சந்தையில் வெங்காயக் கூடை கவிழ்ந்தது. "திருவிழா இந்த வருஷம் இல்லையேப்பா!" என்று ஒருவர் கத்தினார். "இது சொந்தத் திருவிழா!" என்று மிர்தோ திருப்பிக் கத்தினாள். காக்கை மனாசோனின் தெருவுக்குள் திரும்பி, திறந்து கிடந்த அவன் வீட்டுக் கதவின் மேல்விளிம்பில் உட்கார்ந்து, நிதானமாகக் கறியைத் தின்றது.

மூவரும் மூச்சு வாங்கினோம்.

"கதவு மரமில்லையே அக்கா," என்றான் மனாசோன்.

"கருவேலந்தானே?"

"ஆமா."

"அப்ப மரந்தான். ஏற்கெனவே வெட்டியாச்சு, வேலை மிச்சம். கழட்டு."

(காக்கையை வேறு இடத்தில் உட்காரவைக்க மூன்று முறை முயன்றேன். ஒலிவ மரத்தில் உட்காரவைத்தேன், கதை செத்துவிட்டது. திரும்பக் கதவுக்கே விட்டேன்.)

5

மணப்பெண்ணைப் பற்றி. உயரம் அதிகம். இடுப்பு இல்லை. மிர்தோ கரித்துண்டால் புருவம் வரைந்தாள், ஒன்று மேலே போய்விட்டது. மல்பெரிச் சாற்றில் உதடு. கதவை இழுக்கிற வளையம் மூக்கின் இடத்தில் தானாகவே அமைந்திருந்தது. மேலே மிர்தோவின் கல்யாண முக்காடு.

வண்டியில் நிற்கவைத்துக் கட்டினார்கள். தோழியாக மிர்தோ பக்கத்தில் நின்றுகொண்டு, நிகரேதாவின் அண்ணன் இருக்கும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பாடினாள்.

"மனாசோனுக்குக் கல்யாணம்! பொண்ணு கருவேல நிறம்! எதுத்துப் பேசாது!"

"அக்கா, கடைசி வரி வேணாம்."

"அதான்டா நல்ல வரி."

அண்ணன் வீட்டிலிருந்து நிகரேதா வெளியே வந்தாள். கையில் மாவு. அவள் பாய்ந்து வரவில்லை, நடந்துதான் வந்தாள். இங்கே நான் பொறாமையை எழுதிவைத்திருந்தேன்: கண்கள் சிவந்தன, உதடு துடித்தது, இத்யாதி. அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லாததால் அடித்துவிட்டேன்.

"நீ யாரைக் கட்டினா எனக்கென்ன," என்றாள். "வீடு கதவில்லாம தெருவுக்குத் திறந்து கிடக்குதாமே. அது எங்கப்பா எனக்குக் குடுத்த கதவு. எங்கே அது?"

மனாசோன் வண்டியைப் பார்த்தான். மாடுகளைப் பார்த்தான். அதற்குமேல் பார்க்க எதுவுமில்லை.

நிகரேதா முக்காட்டை இழுத்தாள்.

ஒரு புருவம் மேலே. மூக்கில் வளையம். மல்பெரி வழிந்து தாடியாகியிருந்தது. அவள் முதலில் மூக்கால் சிரித்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாடுகள் மிரண்டன, மணப்பெண் ஆடினாள், அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். மிர்தோ சிரித்தாள். மனாசோன் பிழைத்தோம் என்று சிரித்தான். நானும்தான்.

பழைய கதை இங்கே முடிகிறது.

6

நிகரேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாவு கன்னத்தில் ஒட்டியது.

"சரி. கொண்டுபோய் மாட்டு. நான் கிளம்புறேன்."

"எங்க?"

"அண்ணன் வீட்டுக்கு. மதியம் ஆள் வர்றான்ல."

"சிரிச்சியே!"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். உன்கூட வர்றேன்னு சொன்னேனா?"

(இதுதான் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே விழுங்கப்பட்டது. சிரிப்பு சம்மதமில்லை. தேவிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிரிக்கிற பெண்ணைப் பார்த்ததும் விருந்துக்கு மாடு பிடிக்க ஓடிவிடுகிறோம்.)

"இவ்வளவும் உனக்காகத்தானே பண்ணேன்," என்றான் மனாசோன்.

"எனக்காகவா? கறி காக்காய்க்கு வேகவச்சே. வண்டிக்காரன்கிட்ட வண்டி கேட்டே. மிர்தோ அக்காகிட்ட முக்காடு கேட்டே. நம்ம வீட்டுக் கதவைக் கழட்டலாமான்னு காக்காய்கிட்ட கேட்டே. நான் ரெண்டு தெரு தள்ளித்தானய்யா இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நிகரேதா கையிலிருந்த முக்காட்டை மிர்தோவிடம் நீட்டினாள். மிர்தோ வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கும் இதேதான். என் தறியைத் தூக்கி உன் தங்கச்சிக்குக் குடுத்தே. கேட்டியா?"

(ஆக, காரணம் அது. நான் எழுதிப் பார்த்ததில் ஒன்றுமில்லை. எழுதுகிறவனும் அவளைக் கேட்டிருக்கலாம்.)

மனாசோனுக்கு இந்த இடத்தில் ஒரு நீண்ட பேச்சு தயாரித்திருந்தேன். ஹேராவைச் சாட்சிக்கு அழைப்பது, சூளையின் நெருப்பு, அது இது. அவன் அதில் ஒரு சொல்லையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"வர்றியா?" என்றான்.

"கேக்கல."

"நிகரேதா, வீட்டுக்கு வர்றியா?" கத்தினான். சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"தறி?"

"தங்கச்சிகிட்ட கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"மொதல்ல கதவை மாட்டு. பாக்கலாம்."

7

மாட்டினான். கதவு சுழலுகிற கீழ்க்குழியில் எண்ணெய் விட்டான். புருவத்தை அழிக்கப் போனவனை அவள் தடுத்தாள். "இருக்கட்டும். கடன்காரன் பயப்படுவான்."

தீப்ஸ் சாலையில் தூசி எழுந்தது. கழுதை ஒன்று, அதன் மேல் கூடைகள்.

முடிவு ஒன்று: அவள் மட்டும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள், இரண்டு ஆண்களும் தெருவில் நின்று விலாங்கு விலை பேசுகிறார்கள். முடிவு இரண்டு: அவள் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் போகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது, கதவுதான் கனம். முடிவு மூன்று: ஹேராவே வருகி—

(இல்லை. அவளுக்கே ஏகப்பட்ட சோலி.)

நிகரேதா உள்ளே போனாள். மனாசோன் வாசலில் நின்றான்.

"உள்ள வரலாமா?"

சொந்த வீட்டு வாசலில் நின்று ஒரு ஆண் இப்படிக் கேட்டு எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. மிர்தோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"காலைக் கழுவிட்டு வா."

கழுவினான். போனான். அவன் பின்னால் நானும் ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"நீ எங்கே வர்றே?" என்றாள் நிகரேதா.

"முடிவு எழுதணும்."

"யாரைக் கேட்டு?"

காலை எடுத்துக்கொண்டேன். தறி வருமா, கழுதையோடு வருகிற விலாங்குக்காரன் என்ன செய்வான், அவள் நாளைக்கும் இருப்பாளா, உள்ளே சிரிக்கிறார்களா, பானை உடைகிறதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மனாசோனின் முதுகுக்குப் பின்னால், ஒரு புருவம் உயர்ந்த அந்தக் கதவை அவள் சாத்தினாள். தாழ் விழுந்தது.